கடைசி வரிசைச் சுக்கானி

ரங்கூனில் அலோன் படித்துறையிலிருந்து எதிர்க்கரைத் தாலாவுக்குச் சம்பான் தள்ளிக்கொண்டிருந்த ஜமாலை, தெரியாதவர்கள்கூடச் சுக்கானி என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பானுக்குச் சுக்கான் கிடையாது. பின்பக்கம் நின்றுகொண்டு இரண்டு துடுப்புகளையும் குறுக்காகப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தள்ளுகிற படகு அது. ஆற்றுக் கப்பலில் சுக்கான் பிடித்த நாளில் ஒட்டிய பெயர், அந்த வேலை போன பிறகும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அவர் தகரப் பள்ளிவாசலுக்கு வருவார். அரிசி மில்லுக்கும் கிட்டங்கிகளுக்கும் நடுவில், அலோனில் கடை வைத்தும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் பிழைத்த தமிழ் முஸ்லிம்கள் கூடிக் கட்டிய பள்ளி அது. எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் ஜமால் முன் வரிசைக்குப் போக மாட்டார். கடைசி வரிசையில், ஜனங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் தொழுவார். ஜமாஅத் கூடித் தீர்ப்பாகக் கொடுத்த இடம் அது. அந்தத் தீர்ப்பை மாற்றக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். இஸ்தான்புல்லில் இருந்தார். பிறகு அவரும் இல்லாமல் போனார்.

முதல் உலக யுத்தத்துக்கு முன்னால் ஜமால் த்வாண்டே கால்வாய் வழியாக ஐராவதிக்குப் போகும் கப்பலில் இருந்தார். குறுகலான கால்வாய். எதிரே நெல் படகு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டும். கரைச் சேறு எந்த மழையில் எந்தப் பக்கம் சரியும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. சிட்டகாங் ஆட்களே நிறைந்த அந்தத் தொழிலில் ஒரு தமிழன் சுக்கான் பிடித்ததற்குக் காரணம் அவருடைய கண். தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தே மண் திட்டு எங்கே என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் கப்பல்களை அரபு தேசத்துப் பாஸ்ராவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். "அங்கே டைகிரீஸ் என்று ஒரு ஆறு. உன் த்வாண்டே மாதிரிதான். சேறு, வளைவு. இரட்டைச் சம்பளம்" என்றான் கப்பல் கம்பெனித் துரை. யாரோடு யுத்தம் என்று அவன் சொல்லவில்லை. ஜமால் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் போயிருக்க முடியாது, அதனால்தான் கேட்காமல் இருந்தோமோ என்று பின்னாளில் அவர் தன்னையே குடைந்துகொண்டதுண்டு. அப்போது மகள் நூருன்னிசாவுக்குப் பத்துப் பதினோரு வயது. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதுவும் உண்மைதான்.

டைகிரீஸில் மேலே போகும்போது சிப்பாய்களும் குண்டுகளும் கோவேறு கழுதைகளுக்குத் தீவனமும். கீழே வரும்போது காயம்பட்டவர்களும் கைதிகளும். ஆற்றின் இரு கரையிலும் மணல் மூட்டைகளை அடுக்கி, அதன் பின்னாலிருந்து இங்கிலீஷ்காரனின் சிப்பாய்கள் துருக்கிப் படையைச் சுட்டார்கள். அந்தச் சாக்குகளில் பாதியில் கறுப்பு மையில் ஒரு பிறையும் அதற்குள் "ப.ம." என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தன. அலோனில் சாக்கு வியாபாரம் செய்த பர்கத்துல்லா மரைக்காயரின் முத்திரை அது. அவர்தான் தகரப் பள்ளிவாசலின் டிரஸ்டி. அவருடைய சாக்கை அங்கே பார்த்ததும் ஜமாலுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவ்வளவு தூரத்தில் ஊர் முத்திரையைப் பார்த்த சந்தோஷம். அதற்குள் என்ன அர்த்தம் இருக்கிறது என்று தோன்றவே சில நாட்கள் ஆயின.

கைதிகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு நடையில், சுக்கான் மேடைக்குக் கீழே ஒரு துருக்கிச் சிப்பாய் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். காலில் பூட்ஸ் இல்லை, கிழிந்த துணியைச் சுற்றியிருந்தான். மாற்று ஆள் வந்து சுக்கானைப் பிடித்ததும் ஜமால் கீழே இறங்கி அவனுக்கு சலாம் சொன்னார். அவன் நிமிர்ந்து பார்த்துப் பதில் சலாம் சொன்னான். இரண்டு பேருக்கும் தெரிந்த பாஷை அதோடு முடிந்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குத்பாப் பிரசங்கத்தில் பெயர் சொல்லி துஆ கேட்கிறார்களே, உலக முஸ்லிம்களுக்கெல்லாம் தலைவரான துருக்கி சுல்தான், அந்தக் கலீபாவின் ஆள் இவன். "கலீபா" என்றார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு. அவனுக்குப் புரியவில்லை. "சுல்தான். பாதிஷா" என்றார்.

அது புரிந்தது. அவன் தலையைத் திருப்பி ஆற்றில் காறித் துப்பினான். பிறகு துணி சுற்றிய காலைத் தூக்கிக் காட்டினான். கையைத் தரையிலிருந்து மூன்று உயரத்துக்கு உயர்த்தி, மூன்று பிள்ளைகள் என்று காட்டினான். கடைசியில் இரண்டு விரலை உதட்டில் வைத்துப் புகையிலை கேட்டான். ஜமால் மடியிலிருந்து பர்மாச் சுருட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு அதை அடிவரைக்கும் புகைத்தான்.

ஜமால் வாழ்க்கையில் சந்தித்துப் பேசிய ஒரே துருக்கிக்காரன் அவன்தான்.

அவர் திரும்பி வந்தபோது ரங்கூன் வேறு மாதிரி இருந்தது. முகல் தெருவில் பெரிய பெரிய கூட்டங்கள். தோற்றுப்போன துருக்கியைத் துண்டு போடப் போகிறார்கள், கலீபாவின் அதிகாரத்தைப் பிடுங்கப் போகிறார்கள் என்று பேச்சு. கடைப் பையன்கள்கூடக் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி போட்டுக்கொண்டார்கள். அலோன் கிலாபத் கமிட்டிக்குத் தலைவர் பர்கத்துல்லா மரைக்காயர். மேடையில் அவர் குரல் உடைந்து அழுதபோது கூடவே எல்லோரும் அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் இந்த விஷயத்தில் மிகவும் சங்கடமான பகுதி.

நூருன்னிசாவுக்கு அதற்குள் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. பையன் அய்யூப், முகல் தெருவில் ஒரு குடைக் கடையில் வேலை. அவன் தாய் மைமூன் பெண்ணைப் பார்த்துச் சர்க்கரை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அய்யூப் சம்பானில் ஏற வருகிற சாக்கில் படித்துறைப் பக்கம் வருவதும், நூருன்னிசா தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே வருவதும் இரண்டு வீட்டுக்கும் தெரியும். நோன்பு கழிந்ததும் நிகாஹ் என்று பேச்சு.

அந்த நேரத்தில்தான் ஜமாஅத் ஒரு முடிவு எடுத்தது. யுத்தத்தில் கலீபாவுக்கு எதிராக வேலை பார்த்தவர்கள் பள்ளியில் எல்லார் முன்னாலும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்ய வேண்டும். அதுவரை அவர்கள் வீட்டு நிகாஹை ஜமாஅத் நடத்தாது. ஜமாலோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், கப்பலில் சமையல் பார்த்த ஒருவரும் கரி தள்ளிய ஒருவரும். அவர்கள், பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பை சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜமாலும் சொன்னார். அதோடு வாயை மூடி உட்கார்ந்திருந்தால் நோன்பு கழிந்து நிகாஹ் நடந்திருக்கும்.

கூட்டத்திலிருந்து ஒருவர், ஆசையாகத்தான், கேட்டார்.

"சுக்கானி, அங்கன துருக்கிக்காரவங்களப் பார்த்தியளா?"

"பார்த்தேன் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துப் பதில் சொன்னார் ஜமால்.

"எப்படி இருந்தாங்க? கலீபா பேரக் கேட்டதும் கண்ணு கலங்கினாங்களா?"

எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். லெப்பைகூட. மரைக்காயர் கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மண் திட்டைச் சொல்கிற ஜமாலுக்கு, அந்த முகங்களைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும், பள்ளிக்குள் உட்கார்ந்து தவ்பா சொன்ன வாயால் உடனே ஒரு பொய்யைச் சொல்ல முடியாமல் போயிருக்கலாம்.

"ஒருத்தரோடதான் பேசினேன்" என்றார். "பாதிஷான்னு சொன்னேன். அவர் ஆத்துல துப்பினார்."

முன்னால் சாய்ந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"காலுக்குப் பூட்ஸ் இல்ல அவருக்கு" என்று ஜமால் விளக்கமாகச் சேர்த்தார். அதுதான் இன்னும் கெடுத்தது.

"போதும்" என்றார் மரைக்காயர். அவர் எழுந்து நின்றார். தொப்பிக் குஞ்சம் ஆடியது. "கலீபாவச் சுட்டவனுக்கு ஓடம் ஓட்டிட்டு, இப்ப பள்ளிக்குள்ள நின்னுக்கிட்டு கலீபாவ அவமானமும் பண்றான். இவன் பாவம் நம்மகிட்ட செஞ்ச பாவம் இல்ல. அவர்கிட்ட செஞ்சது. நம்மளால மன்னிக்க முடியாது. அவர் மன்னிக்கட்டும். அப்புறம் நாம ஏத்துக்கிறோம்."

"தவ்பாங்கிறது அல்லாஹ்கிட்ட..." என்று லெப்பை தொடங்கினார். அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் மரைக்காயர். வாக்கியத்தை முடிக்கவில்லை.

கலீபாவிடமிருந்து மன்னிப்பு வரும்வரை ஜமாலுக்குக் கடைசி வரிசை. கந்தூரிச் சோற்றில் பங்கில்லை. வீட்டில் நிகாஹ் இல்லை. கோபத்தில் ஒருவர் சொன்னதை எல்லோரும் தலையாட்டி ஜமாஅத்தின் சட்டமாக்கினார்கள். உட்கார்ந்து யோசித்திருந்தால், அலோனில் ஒரு சுக்கானியை மன்னிக்க இஸ்தான்புல்லில் இருக்கிற கலீபா ஒருநாள் பேனா எடுப்பார் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். யோசிக்கிற காலமாக அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஃபக்ருன்னிசா கேட்டாள். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"சாக்கு சங்கதியச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்? அவர் சாக்குப் பின்னால நின்னுதானே சுட்டானுவ? நீங்க ஓட்டினது பாவம், அவர் வித்தது என்னவாம்?"

"வியாபாரம்னு சொல்வாரு."

"உங்களுது?"

"அதைச் சொன்னா அவரையும் கடைசி வரிசைல நிறுத்தணும் புள்ள. அங்கன இடம் ஏது, பூரா செருப்பாக் கெடக்கு."

ஃபக்ருன்னிசா சிரிக்கவில்லை. உள்ளே நூருன்னிசா விளக்குத் திரியை இறக்கிவைத்த சத்தம் மட்டும் கேட்டது.

மன்னிப்புக் கேட்டு ஒரு மனு எழுதினார்கள். கிலாபத் விஷயமாகச் சீமைக்குப் போகும் தூதுக்குழுவிடம் அதைச் சேர்ப்பித்து, அவர்கள் மூலம் கலீபாவுக்கு அனுப்புவதாக மரைக்காயர் வாக்குக் கொடுத்தார். மனுவுக்குப் பலம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். வெள்ளைக்காரன் வேலையை விட்டுவிட்டால் கலீபாவின் மனம் இளகும். ஜமால் ஆற்றுக் கப்பல் வேலையை விட்டார். அதற்காக ஒரு கூட்டம் போட்டு, மாலை போட்டு, அவர் தியாகத்தைப் பற்றி மரைக்காயர் வெகுநேரம் பேசினார். மறு வெள்ளிக்கிழமை ஜமால் பழக்கத்தில் இரண்டாம் வரிசையில் போய் நின்றபோது ஒருவர் மெதுவாகத் தோளைத் தொட்டுப் பின்னால் கை காட்டினார். மாலைக்கும் வரிசைக்கும் சம்பந்தமில்லை என்று அன்று தெரிந்துகொண்டார். அந்த வாரமே சம்பான் தள்ளத் தொடங்கினார்.

பிறகு காத்திருந்தார்கள். அய்யூபும் காத்திருந்தான். அதை அவனுக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

படித்துறை டீக்கடையில் சபாபதி என்று ஒரு கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை, ஜமாலின் பழைய சிநேகிதர், தமிழ்ப் பேப்பரை உரக்கப் படிப்பார். ஜமாலுக்கு எழுத்துத் தெரியாது. துருக்கிச் செய்தி இருந்தால் சபாபதி அதை முதலில் படிப்பார்.

"உன் ஆள் இன்னும் இருக்காருய்யா" என்பார். கலீபா இன்னும் பதவியில் இருக்கிறார், அன்றைய சமாசாரம் அவ்வளவுதான்.

பிறகு ஒரு வருஷம் துருக்கியர் கிரேக்கரைத் துரத்தி ஸ்மிர்னாவைப் பிடித்தார்கள். ரங்கூன் கொண்டாடியது. பந்தம் பிடித்து ஊர்வலம், கடைக்குக் கடை சர்பத், முஸ்தபா கமால் பாஷாவின் படத்தைப் பூ மாலையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஊர்வலத்தின் கடைசியில் ஜமாலும் ஒரு லாந்தரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கலீபா ஜெயித்துவிட்டார், இனி அவருக்கு ஓய்வு இருக்கும், மனுவைப் பார்ப்பார். அப்படித்தான் நினைத்தார். ஜெயித்தது யார் என்று அவருக்கு மட்டுமல்ல, முன்னால் நடந்த மரைக்காயருக்கும் தெரிந்திருக்கவில்லை.

குளிர் தொடங்கியபோது சபாபதி பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, படிக்காமல் கொஞ்ச நேரம் ஜமாலைப் பார்த்தார்.

"என்னய்யா?"

"சுல்தான் பதவிய கமால் பாஷாவோட அங்கூரா சர்க்கார் எடுத்துட்டாங்களாம். அவரு ஊரை விட்டே போயிட்டாரு. இங்கிலீஷ்காரன் யுத்தக் கப்பல் வந்து ஏத்திக்கிட்டுப் போயிருக்கு."

ஜமால் டீயைக் குடித்து முடித்தார். "யார் கப்பல்?"

"இங்கிலீஷ் கப்பல்னு போட்டிருக்கான்."

"அதுல சுக்கான் பிடிச்சது யாருன்னு போட்டிருக்கா?" என்றார் ஜமால். சபாபதி சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

மரைக்காயர் தளரவில்லை. "போனது சுல்தான். கலீபா பதவி அப்படியே இருக்கு. அதே குடும்பத்துல புதுசா ஒருத்தர உட்கார வச்சிருக்காங்க. நல்ல மனுஷராம்" என்றார். மனுவை யாருக்கு எழுதியிருந்தார்களோ அவர் இப்போது கலீபா இல்லையே என்று ஜமால் கேட்டதற்கு, பெயரை மாற்றி மறுபடி அனுப்பினால் போயிற்று என்றார். மறுபடி அனுப்பினார்கள். முதல் மனு எங்கே போனது என்று கேட்க ஜமாலுக்குக் கூச்சமாக இருந்தது.

மைமூன் மறு வருஷம் வீட்டுக்கு வந்தாள். திண்பண்டம் எதுவும் கொண்டுவரவில்லை.

"உன் மவ குணத்துல ஒரு குறை இல்ல தங்கச்சி" என்றாள் ஃபக்ருன்னிசாவிடம். "ஆனா என் புள்ளைக்கு வயசு ஏறுது. எதுக்காகக் காத்திருக்கோம்னு ஊருல கேட்டா என்ன சொல்ல? துருக்கியிலேருந்து சீட்டு வரணும்னா?"

"உங்க ஜமாஅத் போட்டதுதானே?"

"உங்க வீட்டுக்காரர் வாயி போட்டது."

இன்னும் ஒரு வருஷம் என்று தவணை சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தவணை முடிவதற்குள் மார்ச் மாதம் செய்தி வந்தது. கலீபா பதவியே இனிக் கிடையாது. இங்கிலீஷ்காரன் எடுக்கவில்லை, கிரேக்கன் எடுக்கவில்லை. துருக்கியரே, மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போன அந்தப் படத்துக்காரரே, சட்டம் போட்டு எடுத்துவிட்டார். கலீபாவை விடிவதற்குள் குடும்பத்தோடு ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி நிரம்பி வழிந்தது. லெப்பை கைத்தடியை ஊன்றிக்கொண்டு குத்பா ஓதினார். இரண்டாம் குத்பாவில், கலீபாவின் பெயரைச் சொல்லி துஆ கேட்கிற இடம் வந்தது. லெப்பை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். ஏட்டைப் பார்த்தார், மரைக்காயரைப் பார்த்தார். மரைக்காயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லெப்பை அந்த இடத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனார். கடைசி வரிசையிலிருந்து பார்த்த ஜமாலுக்கு, வரிசை வரிசையாகக் குனிந்த சிவப்புத் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. அவருக்கு அந்தச் சிப்பாய் ஞாபகம் வந்தான். அவன் ஊர் போய்ச் சேர்ந்தானா, பூட்ஸ் கிடைத்ததா.

தொழுகை முடிந்ததும் ஜமால் எழுந்து நின்றார். அந்தப் பள்ளியில் அவர் வாய் திறந்து வெகு காலமாயிற்று.

"மரைக்காயர் காக்கா. என் சங்கதி என்னாவுது?"

"எந்தச் சங்கதி?"

"கலீபா மன்னிக்கணும்னு போட்டீங்க. இப்ப மன்னிக்க ஆளு இல்ல."

முன் வரிசையில் யாரோ இருமினார்கள். மரைக்காயருக்கு அன்று உண்மையிலேயே முகம் கறுத்திருந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பேச்சு. அப்படிப்பட்ட மனிதரிடம் அன்று அதைக் கேட்டது சரியில்லை என்று பலர் பிறகு சொன்னார்கள்.

"உலகத்து முஸ்லிம் எல்லாம் எத்தீமா, அனாதையாப் போய் நிக்கிது. உனக்கு உன் மவ கல்யாணம். பொறு. மிஸ்ர் தேசத்துல, அதான் எகிப்துல, மாநாடு கூட்டப் போறாங்க. புதுசா ஒரு கலீபாவத் தேர்ந்தெடுப்பாங்க. அவர்கிட்ட அனுப்புவோம்."

"அந்தத் தீர்ப்ப எடுத்துடுங்களேன். நீங்கதானே போட்டது?"

"நான் போட்டதா? ஜமாஅத் போட்டது. மன்னிக்கிற அதிகாரம் எனக்கு இல்லன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். இன்னிக்கு மட்டும் எங்கேருந்து வரும்?"

துருக்கியரைக் குறை சொல்ல முடியாமல், பாஷாவின் படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவ்வளவு அழுததை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த ஜனங்களுக்கு, ஜமாலின் தண்டனை ஒன்றுதான் கிலாபத்தில் இன்னும் நடப்பில் இருந்த விஷயம். அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அந்த வருஷ மழைக்கு முன்னால் அய்யூபுக்கு வேறு இடத்தில் நிகாஹ் ஆயிற்று. அதற்கு முதல் நாள் அவன் படித்துறைக்கு வந்து, தாலாவுக்குப் போக வேண்டும் என்று சம்பானில் ஏறினான். நடு ஆற்றில், "மாமா, இதே ரங்கூன்ல, தாமுவேல, பர்மா முஸ்லிம்க பள்ளி இருக்கு. அங்க போய் முடிச்சிருக்கலாம்ல நாம" என்றான்.

"நீ சொல்லியிருக்கலாம்ல தம்பி."

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

ஜமால் துடுப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தார். தாலாக் கரையில் அய்யூப் இறங்கவில்லை. அதே படகில் திரும்பி வந்து, கூலியைப் பலகையில் வைத்துவிட்டுப் போனான்.

நூருன்னிசா அழுததை யாரும் பார்க்கவில்லை. அவள் தாமுவேயில் ஒரு சுருட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். பர்மாப் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து இலை சுருட்டுகிற வேலை. அங்கே அவளை மா நூ என்றார்கள். கொஞ்ச நாளில் வீட்டிலும் பாதிப் பேச்சு பர்மாப் பேச்சாக வந்தது. பட்டறைக்குப் புகையிலை கொண்டுவந்து போடும் கோ பா தின், பர்மா முஸ்லிம், யூசுப் என்று இன்னொரு பெயர், அவளைக் கேட்டு ஆள் அனுப்பினான். தாமுவே பள்ளியில் நிகாஹ். வயதான பர்மா மௌல்வி ஜமாலைப் பார்த்து, "பெண்ணுக்குச் சம்மதமா? தகப்பனுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அதோடு கேள்வி முடிந்தது. மோஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியாவை மொண்டு மொண்டு எல்லோருக்கும் ஊற்றினார்கள்.

ஜமால் அந்தக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இவ்வளவுதானா என்று இருந்தது. டிராமில் ஏறி, இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து வந்தால் இந்தப் பள்ளி. இத்தனை வருஷமும் இங்கேயேதான் இருந்தது. தன் ஜமாஅத்தை விட்டு வெளியே ஒரு கதவு இருக்கிறது என்று ஏன் தோன்றவில்லை? தோன்றியது. அங்கே போனால் தன் மேல் போட்ட குற்றத்தை ஒத்துக்கொண்டது போலாகும் என்று நினைத்தார். அந்தக் கௌரவத்துக்கு மகள் கொடுத்த விலை என்ன என்று அப்போது கேட்டுப் பார்க்கவில்லை.

புறப்படும்போது நூருன்னிசா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா வாப்பா? அன்னிக்கு அவன் துப்பினதச் சொல்லாம இருந்திருந்தா என்ன?"

"அவன் துப்பினது நெசம் புள்ள."

"நெசந்தான். அவன் சுருட்டு வாங்கிக் குடிச்சதும் நெசம். அத மட்டும் சொல்லியிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது ஜமாலுக்குள் தங்கிவிட்டது.

மறு வருஷக் கடைசியில் துருக்கியில் அந்தச் சிவப்புத் தொப்பியையே போடக்கூடாது என்று சட்டம் வந்தது. சபாபதி அதைப் படித்துவிட்டு டீக்கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"அங்கூராவுல போட்டா உள்ள தள்றான். அலோன்ல போடலேன்னா தள்ளி வைக்கிறான். நடுக் கடல்லதான் நிம்மதியாப் போட்டுக்கலாம் போலிருக்கு."

மரைக்காயர் தொப்பியைக் கழற்றவில்லை. குஞ்சத்தை மட்டும் வெட்டிவிட்டார்.

மிஸ்ர் தேசத்து மாநாடும் கூடி, யாரையும் தேர்ந்தெடுக்காமல் கலைந்தது. அதற்குப் பிறகு அலோனில் யாரும் கலீபா என்ற வார்த்தையை எடுப்பதில்லை. அரிசி விலை, துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளோடு தகராறு என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்த வருஷக் கந்தூரிக்கு ஜமால் வீட்டுக்கும் ஒரு சட்டி சோறு வந்தது. யார் அனுப்பச் சொன்னது என்று கொண்டுவந்தவருக்குத் தெரியவில்லை. ஃபக்ருன்னிசா அதை வாங்கி, மூடியைத் திறக்காமல் அடுத்த வீட்டில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மரைக்காயரே பின்னால் திரும்பிக் கூப்பிட்டார். வயதாகியிருந்தது, குரல் இளகியிருந்தது.

"முன்னால வா சுக்கானி. இங்கன இடம் இருக்கு."

ஜமால் நகரவில்லை. "மன்னிப்பு வந்துருச்சா காக்கா?"

"எந்த மன்னிப்பு? அதெல்லாம் பழைய கதை. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கே. கலீபா மன்னிச்சாரா, ஜமாஅத் மன்னிச்சதா? இல்ல, நான் செஞ்சது பாவமே இல்லன்னு முடிவாச்சா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க, வந்துடறேன்."

அதில் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. மரைக்காயர் காதில் விழாதவர் மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டார்.

அது வாராவாரம் நடந்தது. இடம் இருந்தும் ஒரு மனிதர் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று தொழுவதைப் புதிதாக வந்தவர்கள் பார்த்து, ஏன் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. கடைசியில் டிரஸ்டிகள் கூடி ஒரு வழி கண்டார்கள். பள்ளிக்குள் செருப்பு வைப்பது சுத்தக் குறைவு, இனிமேல் எல்லோரும் வெளிப் படியிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும். கடைசி வரிசை மற்ற வரிசைகளைப் போலவே ஒரு வரிசை ஆயிற்று.

ஜமால் அன்று வந்தார். உள்ளே பார்த்தார். பிறகு வெளிப் படியில், செருப்புகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்தார்.

மகளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் இடுப்பில் பிள்ளையோடு வந்து, வீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"யாருக்காக நிக்கிறீங்க வாப்பா? எனக்காகன்னா, எனக்கு முடிஞ்சு போச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"உனக்காக இல்ல."

"அப்ப?"

ஜமால் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தார். சின்னக் கால், பர்மாச் செருப்பு போட்டிருந்தது. பள்ளியிலிருந்து ஒரு சொல் வரவேண்டியிருந்தது, வரவில்லை, அதனால் நின்றார்.

மழைக் காலம் வந்தது. படியில் கூரை இல்லை. தொழுகை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது ஜமால் முழுக்க நனைந்து, இன்னும் உட்கார்ந்த இருப்பிலேயே இருப்பார். மற்றவர்கள் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு குடையை விரித்துப் போய்விடுவார்கள். மரைக்காயருக்கு அது முடியாது. முழங்கால் வலி. அவருடைய செருப்பு எப்படியோ எப்போதும் ஜமாலின் மடியருகே கிடக்கும். ஒரு கையால் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, அவர் மெல்ல மெல்லக் குனிவார். ஜமால் அதை எடுத்துக் கொடுப்பதும் இல்லை, தள்ளிவிடுவதும் இல்லை. மழை இரண்டு பேர் மேலும் பெய்யும்.